பையர் கேட்டதுக்கு "யெஸ்"ஸுன்னு சொல்லி தப்பாயிருச்சு, தமிழ் மீடியம் படிச்ச நான் இங்கிலிஷ எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பனியன்ஊர்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில இருக்கறேன். பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். ஒம்பது வருஷம் செக்கிங்ல இருந்தேன், பீஸை கையில எடுத்தாலே எங்க தையல் விட்டிருக்கு, எந்த லாட்ல ஷேட் மாறியிருக்குன்னு சொல்லிருவேன், அதப் பாத்துட்டுத்தான் போன தை மாசம் என்னைய ஆபீசுக்கு மாத்தி மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர் வேலைய பாத்துக்கறவங்க) அசிஸ்டெண்டா போட்டாங்க. வேலை எனக்கு ரொம்ப புடிச்சிருக்குங்க. ஆனா பையர்கிட்ட, அதாவது எங்ககிட்ட துணி வாங்கற வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசறது, மெயில் அடிக்கறது எல்லாமே இங்கிலிஷ்.

போன வாரம் வீடியோ கால்ல எங்க சீனியர் லீவு, நான் மட்டும் உக்காந்திருந்தேன். பையர் "ஹேவன்ட் யூ சென்ட் த சாம்பிள்ஸ் யெட்?"னு கேட்டாரு. கேள்வி எனக்கு நல்லாவே புரிஞ்சுது, இன்னும் சாம்பிள் அனுப்பலையான்னு கேக்கறாரு, ஆமாங்க இன்னும் அனுப்பலைங்கற அர்த்தத்துல "யெஸ் சார்"னு சொன்னேன். அவர் "கிரேட், தேங்க் யூ"ன்னுட்டு அடுத்த ஸ்டைலுக்கு போயிட்டாரு. மறுநாள் காலைல பாத்தா கூரியர் நம்பர் அனுப்புங்கன்னு மெயில் வந்து கெடக்குது. சாம்பிள் அப்ப பிரின்டிங்லதான் இருந்துச்சு. சீனியர் வந்து நீ ஏன் அனுப்பியாச்சுன்னு சொன்னேன்னு கேட்டாங்க, நான் அப்படி சொல்லவே இல்லையேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. இன்னைக்கு வரைக்கும் நான் என்ன தப்பா சொன்னேன்னு சரியா தெரியலைங்க.

முப்பது நாள்ல இங்கிலிஷ்னு ஒரு புக்கு வாங்கினேன், பன்னெண்டு கட்டம் போட்டு டென்ஸ் சார்ட் இருக்குது, மூணு நாள் படிச்சா நாலாவது நாள் மறந்து போயிருது. பையன தூங்க வெச்சுட்டு ராத்திரி ஒரு மணி நேரம் என்னால ஒதுக்க முடியும். எங்கிருந்து ஆரம்பிக்கறது, எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும், கிராமர் எவ்வளவு வேணும்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ஜூரோங்_தம்பி:

அக்கா நான் சிங்கப்பூர்ல சைட்ல வேலை பாக்குறேன், சொந்த ஊரு பட்டுக்கோட்டை பக்கம். நீங்க பண்ண அதே தப்ப நானும் வந்த புதுசுல பண்ணிருக்கேன். சூப்பர்வைசர் "டிடின்ட் யூ லாக் த கேட்?"னு கேட்டாரு, நான் ஆமா பூட்டலன்னு நெனச்சு "யெஸ்"ன்னுட்டேன், பூட்டிட்டேன்னு நெனச்சு அவர் போயிட்டாரு.

விஷயம் இதுதான். தமிழ்ல நாம "ஆமா"ன்னு சொன்னா நீ சொல்றது சரின்னு கேட்ட ஆளுக்கு பதில் சொல்றோம். அனுப்பலையா? ஆமா, அனுப்பல. இங்கிலிஷ்ல அப்படி கிடையாதுக்கா, கேள்வி எப்படி கேட்டாலும் கண்டுக்காதீங்க, நடந்துச்சா நடக்கலையான்னு மட்டும் பாருங்க. நடந்திருந்தா யெஸ், நடக்கலன்னா நோ. "ஹேவ் யூ சென்ட்"னு கேட்டாலும் "ஹேவன்ட் யூ சென்ட்"னு கேட்டாலும் அனுப்பலன்னா "நோ"தான். அதோட வெறும் யெஸ், வெறும் நோ சொல்லி நிறுத்தவே கூடாது, பின்னாடி முழுசா ஒரு வாக்கியம் வரணும். "நோ, வி ஹேவன்ட் சென்ட் தெம் யெட்." அப்ப முதல் வார்த்தை தப்பா வந்தாக்கூட பின்னாடி வர்றத வச்சு புரிஞ்சுக்குவாங்க.

இன்னொன்னு, உங்க வேலைல எண்ணு நெறைய வரும்ல, தர்ட்டீன் தர்ட்டி, ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ரெண்டும் போன்ல ஒண்ணாத்தான் கேக்கும். டீன்ல முடியறதுக்கு கடைசில அழுத்தி இழுக்கணும், தர்ட்ட்டீஈன். டி-ல முடியறதுக்கு முன்னாடி அழுத்தி சட்டுனு முடிக்கணும். சந்தேகமா இருந்தா "ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன்"னு நம்பர தனித்தனியா சொல்லுங்க, இங்க சைட்ல பைப் எண்ணும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.


டெய்லி_டென்:

சிஸ்டர் ஏதாவது ஒரு ஆப் டவுன்லோட் பண்ணி தினமும் 10 வார்த்தை மனப்பாடம் பண்ணுங்க, வருஷத்துக்கு 3650 வார்த்தை. வார்த்தை தெரிஞ்சா பேச்சு தானா வந்துரும். கிராமர்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.


ஓய்வு_வாத்தியார்_கோபி:

அம்மா, வணக்கம். நான் கோபி பக்கம் அரசுப்பள்ளில முப்பத்தோரு வருஷம் இங்கிலிஷ் பாடம் எடுத்தவன். மேல தம்பி சொன்ன யெஸ், நோ விளக்கம் அப்படியே சரி, அத நோட்டுல எழுதிக்கோங்க. ஆனா தினம் பத்து வார்த்தைங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். மனப்பாடமா ஏறின வார்த்தை பரீட்சைக்கு உதவும், வாயில வராது. என்கிட்ட படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேரு அகராதில பாதிய ஒப்பிப்பாங்க, ஆனா பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்ட "கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க"ன்னு இங்கிலிஷ்ல கேக்கச் சொன்னா முழிப்பாங்க.

எத்தனை வார்த்தைன்னு கேட்டீங்க. 1930ல சி.கே.ஆக்டன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 850 வார்த்தைய வெச்சே அன்றாட விஷயம் எல்லாத்தையும் பேசிறலாம்னு ஒரு பட்டியல் போட்டாரு. அதுல வினைச்சொல்லு மொத்தமே 18தான். கெட், கிவ், டேக், புட், மேக், கோ, கம், கீப், லெட், டூ, ஹேவ், சே, சீ, சென்ட் இந்த மாதிரி. அப்புறம் டாக்காவுல ஆசிரியர் பயிற்சிக் கல்லூரில இருந்த மைக்கேல் வெஸ்ட், 1953ல கிட்டத்தட்ட 2000 வார்த்தைக்கு ஒரு பட்டியல் வெளியிட்டாரு, இங்கிலிஷ் பாடப் புத்தகம் எழுதினவங்க ரொம்ப காலம் அத வெச்சுத்தான் எழுதினாங்க. ஆக நமக்கு வேண்டியது பெரிய எண்ணிக்கை இல்லம்மா. அதுல பாதிக்கு மேல உங்களுக்கு இப்பவே தெரியும், ஷிப்மென்ட், கட்டிங், லேபிள், பாக்கிங், டிலே, பேலன்ஸ் எல்லாம் நீங்க நாள் முழுக்க சொல்றதுதான. உங்களுக்கு இடிக்கறது அந்த வார்த்தைங்கள கோக்கற சின்ன வினைச்சொல்லுங்கதான்.

அது ஏன் இடிக்குதுன்னு சொல்றேன். நம்ம "போடு"வ எடுத்துக்கோங்க. ஃபேன் போடு, சட்டை போடு, டீ போடு, கோலம் போடு, கையெழுத்து போடு, பூட்டு போடு, ஊசி போடு, சண்டை போடு, சோறு போடு, பூனை குட்டி போடுது. தமிழ்ல ஒரே வார்த்தை எல்லா வேலையும் செஞ்சுருது. அத அப்படியே "புட்"டுன்னு மாத்தும்போதுதான் "புட் த ஃபேன்", "புட் சைன்"னு வருது. இங்கிலிஷ்ல ஃபேனுக்கு டர்ன் ஆன், சட்டைக்கு புட் ஆன், டீக்கு மேக், கோலத்துக்கு டிரா, கையெழுத்துக்கு வெறும் சைன், பூட்டுக்கு லாக், ஊசிக்கு கிவ், சண்டைக்கு ஃபைட், சோத்துக்கு செர்வ், பூனை குட்டிக்கு ஹேவ். பத்துல ஒண்ணே ஒண்ணுக்குத்தான் புட் வந்துச்சு பாருங்க, அதுவும் கூட ஒரு ஆன் சேத்துக்கிட்டு.

"எடு"வும் அப்படித்தான். போட்டோ எடுத்தா டேக், லீவு எடுத்தாலும் டேக், சரி. ஆனா தீபாவளிக்கு துணி எடுக்கப் போனேன்னு சொல்ல "ஐ வென்ட் டு டேக் டிரெஸ்"னு சொன்னா கேக்கறவங்களுக்கு நீங்க துணிய எங்கிருந்தோ தூக்கிட்டு வரப் போன மாதிரி இருக்கும், அங்க வாங்கறதுக்கான "பை" (buy) வேணும். "ஐ வென்ட் டு பை க்ளோத்ஸ்." மார்க் எடுத்தா கெட், பசி எடுத்தா "ஐயாம் ஹங்ரி"ன்னு எடுக்கற பேச்சே இல்லாம போயிருது. இதே மாதிரி அடி, விடு, பிடி, வை ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்லயும் கம்பெனிலயும் நீங்க வாயால சொல்றத அப்படியே எழுதுங்க. தண்ணி விடு, லீவு விட்டாங்க, பஸ்ஸ விட்டுட்டேன், புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்தேன். பக்கத்துல இங்கிலிஷ்ல என்ன வருதுன்னு பாத்து எழுதுங்க. தெரியாதத இங்க கேளுங்க, நான் சொல்றேன். வார்த்தைப் பட்டியல விட இது பத்து மடங்கு பிரயோஜனம், ஏன்னா உங்க வாயில ஏற்கெனவே இருக்கற பேச்சுக்கு நேரா இங்கிலிஷ் வந்து உக்காருது.

அடுத்தது டென்ஸ். பன்னெண்டு கட்டத்தையும் மூடி வையுங்க. உங்க வேலைக்கு முதல்ல நாலு போதும், நாலும் தமிழ்லயே உங்ககிட்ட இருக்கு. தச்சுட்டிருக்காங்கன்னா "தே ஆர் ஸ்டிச்சிங்". தச்சுட்டாங்கன்னா "தே ஹேவ் ஸ்டிச்ட்". நேத்து தச்சாங்கன்னா "தே ஸ்டிச்ட்". தச்சிருவாங்கன்னா "தே வில் ஸ்டிச்". நமக்கு வழுக்கற இடம் ஒண்ணு இருக்கு. தமிழ்ல "நேத்து துணி வந்திருக்கு"ன்னு தாராளமா சொல்லலாம், அத நெனச்சுட்டு "த ஃபேப்ரிக் ஹேஸ் கம் எஸ்டர்டே"ன்னு எழுதிருவோம். இங்கிலிஷ்ல எஸ்டர்டே, லாஸ்ட் வீக், திங்கக்கிழமைன்னு முடிஞ்சுபோன நேரம் ஒண்ணு வந்துட்டா ஹேஸும் ஹேவும் போயிரணும். "த ஃபேப்ரிக் கேம் எஸ்டர்டே." நேரம் சொல்லலைன்னா "த ஃபேப்ரிக் ஹேஸ் கம்". இத மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா மெயில்ல வர்ற தப்பு நெறைய குறைஞ்சுரும்.

"டிடின்ட் வென்ட்"னு எழுதறவங்க நெறைய பேரு. தமிழ்ல நாம "போகல"ங்கறோம், "போனல"ன்னு யாரும் சொல்றதில்ல. இல்லைங்கறது வந்துட்டா போனுங்கற இறந்தகாலம் விலகி வெறும் போக-ன்னுதான நிக்குது? இங்கிலிஷ்லயும் டிட் வந்துட்டா வென்ட் திரும்ப கோ ஆயிரும். "டிடின்ட் கோ". அனுப்பலைங்கறதுக்கும் "டிடின்ட் sent" இல்ல, "டிடின்ட் send", கடைசி எழுத்து t இல்ல, d. எழுதும்போது இத கட்டாயம் கவனிங்க, ரெண்டும் வேற வேற எழுத்து.

கடைசியா ஏ (a), த (the). நமக்கு அந்த சொல்லு இல்லைன்னு புத்தகத்துல போட்டிருப்பான், ஆனா வேற ரூபத்துல இருக்கும்மா. "சாம்பிள் அனுப்பினேன்"னா ஏதோ ஒரு சாம்பிள், "ஐ சென்ட் ஏ சாம்பிள்". "சாம்பிளை அனுப்பினேன்"னா நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தோமே அந்த சாம்பிள், "ஐ சென்ட் த சாம்பிள்". அந்த ஐ உருபு எங்க வருதோ அங்க பெரும்பாலும் த வரும். எல்லா இடத்துலயும் இது பொருந்தாது, ஆனா ஆரம்பத்துக்கு நல்ல கைப்பிடி. என் வகுப்புல இத சொல்லிக் குடுத்த அன்னைக்குத்தான் பின்பெஞ்சு பசங்க முதல்முறையா நிமிர்ந்து பாத்தாங்க.

இலவசமா வேணும்னா தமிழ்நாடு பாடநூல் கழகத்தோட ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு இங்கிலிஷ் புத்தகம் பிடிஎஃப்-ஆ கெடைக்குது. சின்னப் புள்ளைங்க புக்குன்னு கூச்சப்படாதீங்க, வாக்கியம் சின்னதா தெளிவா இருக்கும். சத்தமா படிங்க, கண்ணால மட்டும் படிச்சா போதாது.


பனியன்ஊர்_பொண்ணு:

ஐயா, நீங்க எழுதினத பையன மடில வெச்சுட்டு ரெண்டு தடவ படிச்சேன். போடு-க்கு இத்தனை இருக்குதுன்னு நான் இதுவரைக்கும் யோசிச்சதே இல்லைங்க. சாம்பிள், சாம்பிளை வித்தியாசம் படிச்சப்போ இது எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதானன்னு ஒரு தெம்பு வந்துச்சு. ஜூரோங் தம்பிக்கும் ரொம்ப நன்றி, நான் எங்க தப்பு பண்ணினேன்னு இப்பத்தான் வெளங்குச்சு. நாளைல இருந்து நோட்டு போடறேன்.


மெர்ச்_அக்கா:

கண்ணு நானும் அதே வேலைதான், பதினேழு வருஷமாச்சு, நானும் தமிழ் மீடியந்தான். வாத்தியார் சொன்னது எல்லாமே சரி, நான் நம்ம டேபிள்ல வர்றத மட்டும் சொல்றேன்.

நம்ம பொழப்பே தேதில ஓடுது, அதனால மொதல்ல பை, அன்டில், ஆன் இந்த மூணையும் கரெக்டா புடி. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பறோம்னா "பை ஃப்ரைடே". வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கோம்னா "அன்டில் ஃப்ரைடே". வெள்ளிக்கிழமை அன்னைக்குன்னா "ஆன் ஃப்ரைடே". நான் புதுசுல "வி வில் சென்ட் அன்டில் ஃப்ரைடே"ன்னு ஒரு மெயில் போட்டுட்டேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் அனுப்பிக்கிட்டே இருப்பீங்களான்னு அந்தம்மா திருப்பி கேட்டாங்க. ரெண்டு நாளைக்குள்ளன்னா "விதின் டூ டேஸ்". "இன் டூ டேஸ்"னா ரெண்டு நாள் கழிச்சுத்தான் வரும்னு எடுத்துக்குவாங்க, ரெண்டையும் கலக்கிராத.

தேதிய நம்பரா மட்டும் எழுதவே எழுதாத. 03/04னு போட்டா அமெரிக்கா பையர் மார்ச் 4ன்னு படிப்பாங்க, ஐரோப்பாக்காரங்க ஏப்ரல் 3ன்னு படிப்பாங்க. 3 ஏப்ரல்னு மாசத்த எழுத்துல எழுது. இது கிராமர் இல்ல, ஆனா ஷிப்மென்ட் தப்பிச்சுது.

நம்ம ஆபீஸ்ல எல்லாரும் எழுதறத பாத்து காப்பி அடிக்காத. "டூ த நீட்ஃபுல்"னு எழுதறதுக்கு பதிலா அவங்க என்ன செய்யணுமோ அதையே எழுது, "ப்ளீஸ் அப்ரூவ் த லேப் டிப் பை மண்டே"ன்னு (லேப் டிப்னா கலர் பாக்க சாயம் போட்டு அனுப்பற துணித் துண்டு). பதில் சொல்லுங்கங்கறதுக்கு "ரிவெர்ட்"னு போடறோம்ல, வெளிநாட்டுக்காரங்களுக்கு அது பழைய நிலைமைக்கு திரும்பறதுன்னு அர்த்தம், "ரிப்ளை"ன்னே எழுது. "ஐ ஹேவ் ஏ டவுட்"னா நீ அவங்கள நம்பலைங்கற மாதிரி கேக்கும், "ஐ ஹேவ் ஏ கொஸ்டின்"னு கேளு. "டிஸ்கஸ் அபவுட்"ல அபவுட் வேண்டாம், பத்தி பேசினோம்ங்கற நம்ம பத்தி-தான் அங்க வந்து ஒட்டிக்குது. "ஸ்மால் ஸ்மால் சேஞ்சஸ்"னு சின்ன சின்னத அப்படியே போடுவோம், அது "ஏ ஃப்யூ ஸ்மால் சேஞ்சஸ்". "நேத்துதான் வந்துச்சு"ங்கறத "எஸ்டர்டே ஒன்லி இட் கேம்"னு சொல்லாத, "இட் ஒன்லி கேம் எஸ்டர்டே".

இன்னொரு பழக்கம் சொல்றேன், எனக்கு கை குடுத்தது இதுதான். பையர் எழுதற மெயில்ல நல்லா இருக்கற வாக்கியத்த அப்படியே ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்குவேன். "குட் யூ ப்ளீஸ் லெட் மீ நோ வென் த ஃபேப்ரிக் இஸ் ரெடி?"ன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. ஃபேப்ரிக்க எடுத்துட்டு பட்டன், லேபிள், கார்ட்டன்னு மாத்தி மாத்தி போட்டா அந்த ஒரு வாக்கியமே எனக்கு ஒரு வருஷம் ஓடுச்சு. கால்ல புரியலைன்னா தலைய ஆட்டாத. "சாரி, குட் யூ சே தட் அகைன்?"னு கேளு, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. பேசி முடிச்ச உடனே பேசினத நாலு வரில மெயில் போட்டுரு, அன்னைக்கு நீ மெயில் போட்டிருந்தா அந்த யெஸ் அங்கயே தெரிஞ்சிருக்கும்.


பனியன்ஊர்_பொண்ணு:

எல்லாரும் சொன்ன மாதிரி பத்து நாளா எழுதறேன்ங்க. போடு-க்கு மட்டும் ரெண்டு பக்கம் ஆயிருச்சு, எங்க மாமியாரும் பக்கத்துல உக்காந்து தாழ்ப்பாள் போடு, முட்டை போடுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கறாங்க. நாளைக்கு சாயங்காலம் நாலரைக்கு அதே பையரோட கால். நான் சொல்லப் போறத எழுதியிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க.

"த சாம்பிள்ஸ் கேம் ஃப்ரம் பிரின்டிங் ஆன் மண்டே."
"வி ஹேவ் செக்ட் த சாம்பிள்ஸ் எஸ்டர்டே."
"ஒன் பீஸ் இஸ் ஹேவிங் ஏ ஷேட் டிஃபரன்ஸ்."
"வி வில் சென்ட் த சாம்பிள்ஸ் பை தர்ஸ்டே."


ஓய்வு_வாத்தியார்_கோபி:

முதல் வரியும் கடைசி வரியும் அப்படியே இருக்கட்டும், சுத்தமா இருக்கு. ரெண்டாவதுல எஸ்டர்டே வந்துருச்சு பாருங்க, அதனால "வி செக்ட் த சாம்பிள்ஸ் எஸ்டர்டே". மூணாவதுல "ஹேவிங்" வேண்டாம், நம்ம "இருக்குது"வ அப்படியே கொண்டு வந்ததால வந்த தப்பு. நம்மகிட்ட உள்ள பொருள், குறை, சொந்தபந்தம் இதுக்கெல்லாம் ஹேவும் ஹேஸும் இங் இல்லாமத்தான் வரும். "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" மாதிரி, "ஒன் பீஸ் ஹேஸ் ஏ ஷேட் டிஃபரன்ஸ்".


மெர்ச்_அக்கா:

கண்ணு, ஷேட் மாறியிருக்குன்னு சொன்ன உடனே எந்த பீஸ், எந்த சைஸுன்னு அவர் கேப்பாரு. "இட்ஸ் த மீடியம், இன் நேவி"ன்னு ரெடியா வெச்சுக்கோ. அந்த பீஸையும் கையோட டேபிள் மேல வெச்சுக்கோ, கேமராவுல காட்டலாம்.